எனக்கு ஆட்டிசம் இருக்கு, மெதுவா பேசுங்க

என் பேரு பன்னீர்செல்வம். சொந்த ஊரு அச்சரப்பாக்கம் பக்கம். அப்பாரு நெலத்துல பாடுபட்டாரு, எனக்கு அது ஒத்து வர்ல, ஸ்டீரிங்கு புடிச்சிகினேன். தொண்ணூத்தி நாலுலருந்து கல்பாக்கம் அணு மின்சார பிளான்ட்டுல என் வண்டிய காண்ட்ராக்ட்டுக்கு வுட்டு நானே ஓட்டிகினு இருந்தேன். மொதல்ல ஒரு பழைய ஜீப்பு, அப்பால சுமோ. எத்தினியோ ஆபீசருங்க ஏறி எறங்கினாங்க. கதவ டமால்னு அடிச்சி சாத்தி என் உசுர எடுத்தவங்களும் உண்டு. அத்தினி பேர்ல எனக்கு மனசுல நிக்கறவரு ஜானகிராமன் சாரு ஒருத்தருதான். பெருசா ஒண்ணும் சாதிக்கல. பேப்பர்ல பேரு வந்ததில்ல. ஆனா அந்தாளுக்கு நடந்தத யாருகிட்டயாவது சொல்லலன்னா எனக்கு வயிறு எரிஞ்சிகினே கீது.

சாருக்கு ஊரு முசிறி. எண்பதுங்கள்ல வேலைக்கு வந்தவரு. அவுரு வேலை இன்னான்னா, ஊரு ஊரா போயி ஜனங்களுக்கு எடுத்துச் சொல்றது. பிளான்ட்டுல எதுனா ஒண்ணு ஆச்சின்னா சைரன் எப்பிடி அடிக்கும், அடிச்சா வூட்டுக்குள்ள போயி கதவு ஜன்னல சாத்திக்கணும், மாத்திரை குடுத்தா எப்ப போட்டுக்கணும், கெணத்துத் தண்ணிய மூடி வெக்கணும், இப்பிடி. சதுரங்கப்பட்டினம், மெய்யூரு, திருக்கழுக்குன்றத்த சுத்தி கீற கிராமம்னு எல்லாத்துக்கும் நான்தான் இட்டுகினு போவேன். வண்டி பின்னால மைக்செட்டு, படம் போட்ட அட்டைங்க, ஒரு மடக்கு மேசை. 

கடலோரத்து ஆளுங்க லேசுல வுடுவாங்களா. ஒரு தபா ஒருத்தன் எழுந்து, "சைரன் அடிச்சா நாங்க வூட்டுக்குள்ள போயிட்றோம் சாரு, மீனுக்கு யாரு போயி சொல்றது?"ன்னான். கூட்டமே சிரிச்சிது. இவுரும் சிரிச்சாரு. சிரிச்சிட்டு மீனப் பத்தியும் தனியா ஒரு பேச்சு பேசினாரு பாரு, எனக்கு பசி உசுரு போச்சி. நாஸ்தா துன்னாம கெளம்பியிருந்தோம். 

திரும்பி வர்ற வழில கேட்டேன், "இன்னா சாரு, அவன் கலாய்க்கறான், நீங்க அவனுக்குப் போயி பாடம் நடத்திகினு கீறீங்க." அதுக்கு அவுரு சொன்னாரு: "என்னன்னு தெரியாததுக்குத்தான் மனுஷன் பயப்படுவான் பன்னீர். பயந்தாத்தான் கேலி, கல்லெறி எல்லாம். பேரச் சொல்லி, இதுதான் அதுன்னு வெளக்கிட்டா அவன் பாட்டுக்கு நல்லவனா இருப்பான்." அத்த ரொம்ப நம்பினாரு. சம்பளத்துக்கு சொல்ற ஆளு இல்ல, நெசமாவே நம்பினாரு.

அவுருக்கு ஒரே புள்ள, இனியன். தொண்ணூத்தி ஒண்ணுல பொறந்தவன். மூக்கும் முழியுமா கெடப்பான், ஆனா பேர சொல்லிக் கூப்ட்டா திரும்ப மாட்டான். மூணு வயசு வரைக்கும் வாயத் தொறக்கல. மிக்சி சத்தம் கேட்டா காதப் பொத்திகினு சுவத்துல மண்டைய முட்டிப்பான். தலைல எண்ணெ வெக்கறதுக்குள்ள சியாமளா அம்மாவுக்கு, அதான் சாரோட வூட்டுக்காரம்மா, கையெல்லாம் நகக்கீறலா பூடும். அக்கம்பக்கத்து குவார்ட்டர்ஸ்ல கேக்காதவங்க இல்ல. "பையனுக்கு இன்னா? லூசா? மென்டலா?" நேரா கேக்கமாட்டாங்க, வேலைக்காரம்மா கிட்ட கேப்பாங்க. 

அந்தம்மா போவாத கோயிலு இல்ல. சிங்கப்பெருமாள் கோயிலுக்கு நானே எத்தினி சனிக்கெழமை இட்டுகினு போயிருப்பேன். சாரு கோயிலுக்கும் வருவாரு, டாக்டருகிட்டயும் போவாரு. டாக்டருங்க ஒருத்தரு மூளை வளர்ச்சி இல்லன்னாரு, இன்னொருத்தரு காது கேக்கலன்னாரு, ஒருத்தரு பெத்தவங்க கொஞ்சலன்னாரு. அந்தக் கடைசி ஆள எங்கனா பாத்தா வண்டிய மேல ஏத்தலாமான்னு எனக்குத் தோணும். 

தொண்ணூத்தி எட்டுன்னு ஞாபகம். மெட்ராஸ்ல ஒரு டாக்டரம்மா பையன நாள் முழுக்க ஒக்கார வெச்சிப் பாத்துட்டு, "இது ஆட்டிசம்"னு சொல்லிச்சி. வியாதி இல்ல, பைத்தியம் இல்ல, இவன் மூளை வேற மாதிரி வேலை செய்யிது, பொறுமையா சொல்லிக் குடுத்தா கத்துப்பான்னு சொல்லிச்சாம். வெளில வந்த சாரு மூஞ்சிய இன்னிக்கும் மறக்கல நானு. லாட்டரி அடிச்சவன் மாதிரி வந்தாரு. "பேரு கெடைச்சிடுச்சு பன்னீர்"னாரு. பேரு கெடைச்சி இன்னா பண்றது, புள்ள அப்பிடியேதான கீறான்னு எனக்கு. ஆனா மனுஷன் அவ்ளோ சந்தோஷமா கீறாரு, நான் ஏன் வாயக் குடுக்கணும்னு வண்டிய எடுத்தேன். கேளம்பாக்கத்துல நிறுத்தி டீயும் பஜ்ஜியும் வாங்கிக் குடுத்தாரு.

அப்பால ஆரம்பிச்சாரு பாரு. கிராமத்துக்கு இன்னா செஞ்சாரோ அத்தயே பிளான்ட்டு ஆளுங்க குடியிருக்கற டவுன்ஷிப்புக்கு செஞ்சாரு. அதே மாதிரி அட்டை, அதே மாதிரி படம். ஷாப்பிங் காம்ப்ளெக்ஸ் பலகைல ஒரு நோட்டீசு. கிளப்புல ஒரு கூட்டம். புள்ளைங்க படிக்கிற பள்ளிக்கோடத்துல காலைல எல்லாரையும் நிறுத்தி வெச்சி ஒரு பேச்சு. "ஆட்டிசம் உள்ள ஒரு நண்பரிடம் எப்படிப் பழகுவது"ன்னு ஒண்ணு, ரெண்டுன்னு போட்டு சொல்லுவாரு. அதுக்கு முன்ன அந்தப் பேர அந்த ஊர்ல ஒரு நாய் கேட்டதில்ல. இவுருதான் கொண்ணாந்தாரு.

பையனுக்கும் ஒரு பயிற்சி குடுத்தாரு. யாரனா புது ஆளு எதுனா கேட்டா இவன் பதில் சொல்லாம நிப்பான், அவங்க கத்துவாங்க, இவன் ஓடுவான். அதுக்குத்தான் அந்த பயிற்சி. "என் பேரு இனியன். எனக்கு ஆட்டிசம் இருக்கு. மெதுவா பேசுங்க." இத்த சொல்ல வெக்கறதுக்கு ரெண்டு வருஷம் ஆச்சி. கண்ணாடி முன்னால நிக்க வெச்சி, என் வண்டில பின்சீட்ல ஒக்கார வெச்சி, வாசல்ல கூர்க்கா மாதிரி என்னை நடிக்க சொல்லி, எத்தினி வாட்டி. நான் "டேய் யாருடா நீ?"ன்னு மெரட்டணும், அவன் இத்த சொல்லணும். மொதல் தபா முழுசா சொன்னப்ப சியாமளா அம்மா சமையல்கட்டுக்கு உள்ள பூட்டாங்க, கொஞ்ச நேரம் வெளியவே வர்ல. 

நம்புவியா, அது வேலை செஞ்சிது. கேட்டுல கீற செக்யூரிட்டிக்கு சொல்லுவான், அவங்க சலாம் போட்டு வுடுவாங்க. பால் பூத்துல சொல்லுவான், அந்த ஆளு சில்லறைய ஒவ்வொண்ணா எண்ணி கைல வெப்பாரு. லைப்ரரில கீற சம்பூர்ணம் அம்மா இவன் வர்ற நேரத்துக்கு ஃபேன நிறுத்தி வெப்பாங்க, அந்த சத்தம் இவனுக்கு ஆவாதுன்னு. அஞ்சாறு வருஷம் அந்தப் புள்ள ராஜா மாதிரி தனியா நடந்துகினு இருந்தான். சாரோட கனவே அதான். "நாங்க ரெண்டு பேரும் போன அப்புறம் இவன் தனியா ஒரு கடைக்குப் போயி அரிசி வாங்கணும் பன்னீர். யாரும் வெரட்டக் கூடாது, இவனும் ஓடக் கூடாது. அது போதும்." வேற ஒண்ணுமே கேக்கல அந்த மனுஷன்.

சுனாமி வந்துச்சி, போச்சி. டவுன்ஷிப்புல வூட்டுக்கு வூடு கம்ப்யூட்டரு வந்துச்சி. இனியனுக்கு டைப் அடிக்கறது ரொம்ப புடிச்சிது. வாயால பத்து வார்த்த பேசாதவன் கையால பக்கம் பக்கமா அடிப்பான். தமிழ இங்கிலீஷ் எழுத்துலதான் அடிப்பான், அப்ப எல்லாப் புள்ளைங்களும் அப்பிடித்தான. ஆர்குட்டுல, இப்ப ஃபேஸ்புக்கு மாதிரி அப்ப அதான், டவுன்ஷிப் பசங்க சேந்து ஒரு கூட்டம் வெச்சிருந்தானுங்க. அங்க வளந்து வெளியூருல இன்ஜினீயரிங் படிக்கறவன், சிறுசேரில வேலைக்குப் போறவன், இன்னும் பள்ளிக்கோடத்துல கீறவன், எல்லாம் அதுல கெடப்பான். சாரு இவனுக்கும் ஒரு கணக்கு தொறந்து குடுத்து அதுல சேத்து வுட்டாரு. சேத்து வுட்டதோட சும்மா இருந்தாரா? இல்ல. அவுரும் சேந்து, ஆட்டிசம்னா இன்னா, இனியன் எப்பிடிப்பட்டவன், அவன்கிட்ட எப்பிடி எழுதணும், அவன் தெனமும் சொல்ற அந்த மூணு வாக்கியம் உள்பட எல்லாத்தையும் அழகா எழுதிப் போட்டாரு. 

இது ரெண்டாயிரத்து ஏழு கடைசி. அடுத்த வருஷம் வெயில் காலத்துல என் பொண்ணு ஜெயப்பிரியா, செங்கல்பட்டுல காலேஜு படிச்சிகினு இருந்தா, ஒரு நாளு வந்து, "அப்பா, உங்க சாரு பையன வெச்சி ரொம்ப கேவலமா எழுதறாங்கப்பா"ன்னா. புதுப்பட்டினத்துல ஒரு பிரவுசிங் சென்டர் கீது, அங்க இட்டுகினு போயி காட்டினா. 

பாத்தேன். கிரிக்கெட்டப் பத்தி ரெண்டு பேரு சண்டை போடறான். ஒருத்தன் தப்பா ஒரு ஸ்கோர சொல்லிட்டான். ஒடனே இன்னொருத்தன் அவன் பேர போட்டு எழுதறான்: "என் பேரு கார்த்தி. எனக்கு ஆட்டிசம் இருக்கு. மெதுவா பேசுங்க." கீழ பத்து பேரு சிரிக்கறான். அதுக்கு கீழ வேற பேச்சு, பரீட்சைல ஃபெயிலான ஒருத்தன் அவனே போடறான், "எனக்கு ஆட்டிசம் இருக்கு, மெதுவா பேசுங்க." எங்க பாத்தாலும் அதான். "போடா ஆட்டிசம்", "உங்கப்பன் ஆட்டிசம்", "இவன் ஃபுல் ஆட்டிசம் மச்சான்". இருவது வருஷமா அந்த ஊர்ல லூசு, மென்டலுன்னு திட்டிகினு இருந்தானுங்க. இப்ப புதுசா ஒண்ணு கெடச்சிடுச்சி, அத்தயும் எங்க சாரே கைல குடுத்துட்டாரு. எனக்கு அந்த கம்ப்யூட்டர தூக்கிப் போட்டு ஒடைக்கணும் போல இருந்துச்சி. ஜெயப்பிரியா கையப் புடிச்சிகினா.

மறுநாள் காலைல சாரு வண்டில ஏறினதும் சொல்லிடணும்னு வாயத் தொறந்தேன். அவுரே சொன்னாரு, "பாத்தேன் பன்னீர். ரெண்டு மாசமா பாத்துகிட்டுதான் இருக்கேன்." குரல்ல ஒண்ணுமே இல்ல. கோவம் இல்ல, அழுகை இல்ல. மருந்துக் கடைல சீட்டு படிக்கறவன் மாதிரி சொன்னாரு. 

"யாரு யாருன்னு சொல்லுங்க சாரு, வூட்டு வாசல்ல போயி நாக்கப் புடுங்கிக்கற மாதிரி நாலு வார்த்த கேக்கறேன்"னேன். 

"எல்லாம் நம்ம பசங்கதான். பள்ளிக்கூடத்துல நான் பேசினப்ப முன்வரிசைல நின்னவங்க."

"அதுக்கு? வுட்டுட்றதா?"

"சரியா வெளக்கல போல இருக்கு. இன்னொரு தடவ எழுதறேன்."

நான் தலைல அடிச்சிகினேன். எழுதினாரு. "ஆட்டிசம் என்பது வசவு அல்ல"ன்னு தலைப்பு போட்டு, ஒரு சுடு வார்த்த இல்லாம, காரணம் காரணமா எழுதினாரு. அதுக்கு வந்த மொத பதிலு, "அங்கிள், எனக்கு ஆட்டிசம் இருக்கு, மெதுவா பேசுங்க." ரெண்டாவதும் அதான். மூணாவதும் அதான். அதுக்கு மேல ஜெயப்பிரியா படிச்சி காட்டல, நானும் கேக்கல.

அன்னிலருந்து சாரு ஒரு மாதிரி ஆயிட்டாரு. வேலைக்கு வருவாரு, கூட்டத்துல பேசுவாரு, ஒண்ணும் கொறையாது. ஆனா வண்டில ஏறினா எறங்கற வரைக்கும் ரோட்டப் பாத்துகினே வருவாரு. முன்னல்லாம் சவுக்குத் தோப்பப் பாத்தா அதப் பத்தி ஒரு பாடம், உப்பளத்தப் பாத்தா ஒரு பாடம். இப்ப நான் ரேடியோ போட்டாலும் சரி, நிறுத்தினாலும் சரி. அழுதாக்கூட தேவலன்னு இருந்துச்சி எனக்கு. 

இதுல பெரிய பேஜாரு இன்னான்னா, இனியனும் அத்த எல்லாம் படிச்சிகினுதான் இருந்தான். படிச்சவன் அழுதிருந்தா, கத்தியிருந்தா, அது ஒரு வழி. அவன் சந்தோஷப்பட்டான். அவனுக்கு எழுதினத எழுதினபடிதான் புரியும். கார்த்தி பேர போட்டு எனக்கு ஆட்டிசம் இருக்குன்னு எழுதியிருந்தா கார்த்திக்கு ஆட்டிசம் இருக்கு. தீபக் எழுதினா தீபக்குக்கும் இருக்கு. அத்தினி வருஷமா அந்த ஊர்லயே தான் ஒருத்தன்தான்னு நெனச்சிகினு இருந்த புள்ளைக்கு திடீர்னு ஊரே தன் ஆளுங்களா ஆயிடுச்சி. 

ஒரு நாளு வூட்டு வாசல்ல நின்னு என்கிட்ட அவனாவே பேசினான். அவனா வந்து பேசினது எனக்குத் தெரிஞ்சி அதான் மொத தபா. "பன்னீர் அண்ணே, நெறைய பேருக்கு ஆட்டிசம் இருக்கு. விஷாலுக்குக் கூட இருக்கு. எதிர் வீடுதான். எனக்குத் தெரியவே தெரியாது." சொல்லிட்டு சிரிச்சான். செருப்ப மாட்டறா மாதிரி குனிஞ்சிகினேன்.

ஒவ்வொருத்தனுக்கும் பதில் எழுதுவானாம். "எனக்கும் இருக்கு. உனக்கு மிக்சி சத்தம் புடிக்குமா? ஃபேன் சத்தம் புடிக்குமா? எங்க வீட்டுக்கு வா, மிக்சி போட மாட்டோம்." அதுக்கும் அவனுங்க சிரிச்சி வெப்பானுங்க. சிரிச்சா சந்தோஷமா கீறாங்கன்னு இவன் நெனப்பான்.

வூட்ல இத்த வெச்சி ஒரு யுத்தம் நடந்துச்சி. நான் கேஸ் சிலிண்டரு கொண்டு போயி எறக்கின அன்னிக்கி சியாமளா அம்மா சொல்லிகினு இருந்தாங்க: "சொல்லாதீங்க. அவன் இந்த மாதிரி சிரிச்சி நான் பாத்ததே இல்ல. பொய்யா இருந்தா என்ன? இருந்துட்டுப் போகட்டும்." 

சாரு சொன்னாரு, "அவன்கிட்ட நாம பொய் சொன்னதே இல்ல சியாமளா. ஒரு தடவ சொன்னா அப்புறம் எதையும் நம்ப மாட்டான்."

"பொய் சொல்ல வேணாம். சும்மா இருங்க. அது போதும்." 

அவுரும் சும்மாதான் இருந்தாரு. அந்தம்மா என் பக்கம் திரும்பி, "நீங்களே சொல்லுங்க பன்னீர்"னாங்க. நான் சிலிண்டர் மூடிய திருகிகினு இருந்தேன். அந்தம்மா சொல்றதுதான் சரின்னு எனக்குப் பட்டுச்சி. இன்னிக்கும் அப்பிடித்தான் படுது.

சும்மா இருக்க வுட்டானுங்களா. எவனோ பொய்ப் பேர்ல எழுதினான், "ஞாயித்துக்கெழமை சாயங்காலம் மாபலிபுரம் பஸ் ஸ்டாண்டு கிட்ட ஆட்டிசம் சங்கம் மீட்டிங்கு. தலைவரு இனியன். எல்லாரும் வாங்க." இவன் நம்பிட்டான். சனிக்கெழமையே சட்டைய இஸ்திரி போட்டு மாட்டிட்டான். தலைவருன்னா பேசணுமேன்னு வெள்ளத்தாள்ல எழுதி மனப்பாடம் பண்ணினான். நிறுத்தினா கத்தி ஆர்ப்பாட்டம் பண்ணுவான், சும்மாவும் வுட முடியாது. சாரு என் வூட்டுக்கே வந்து, "வண்டி எடுக்க முடியுமா பன்னீர்"னாரு. சியாமளா அம்மா வர்ல. வாசல் கதவுல நின்னு அவன் சட்டைக் காலர சரி பண்ணி வுட்டாங்க, அவ்ளோதான்.

ஞாயித்துக்கெழமை மாபலிபுரம் எப்பிடி இருக்கும்னு சொல்லணுமா. டூரிஸ்ட் பஸ்சு, கல் சிலை விக்கறவன், ஐஸ் விக்கறவன், ஹாரனு. இனியன் காதப் பொத்திகினு எறங்கினான். ஆனா திரும்பிப் போலாம்னு சொல்லல. ஒரு எளநி வண்டி பக்கத்துல நாங்க மூணு பேரும் நின்னோம். ரொம்ப நேரம் யாரும் வர்ல. எனக்கு உள்ளுக்குள்ள நிம்மதி, வரவே மாட்டானுங்க, அப்பிடியே இட்டுகினு போயிட்லாம்னு. 

வந்தானுங்க. ரெண்டு பைக்குல நாலு பேரு. தூரத்துல நிறுத்திட்டு ஒருத்தன் போன நீட்டி போட்டோ புடிச்சான். அதுல ஒருத்தன் விஷால், எதுத்த குவார்ட்டர்ஸ் ராஜாராம் சாரு பையன். நான் நடந்து போயி மொத பைக்கு சாவிய உருவிகினேன். "எறங்குடா"ன்னேன். விஷால் மூஞ்சில ஈ ஆடல. இனியன் அப்பாவோட வருவான்னு நெனக்கல போல. 

"பன்னீர், சாவியக் குடுத்துடுங்க"ன்னாரு சாரு. கை நீட்டினாரு. குடுத்துட்டேன். ஆனா பைக்கு முன்னால நின்னுகினேன்.

இனியன் வந்தான். அவங்க முன்னால நேரா நின்னு, கைய ரெண்டும் பக்கத்துல வெச்சிகினு, "என் பேரு இனியன். எனக்கு ஆட்டிசம் இருக்கு. மெதுவா பேசுங்க"ன்னான். போன் வெச்சிருந்தவனுக்கு சிரிப்பு பொத்துகினு வந்துச்சி, வாயப் பொத்திகினு திரும்பிகினான். இனியன் அத்த கவனிக்கல. அவன் காத்துகினு இருந்தான். ஒருத்தரா அவங்களும் சொல்லுவாங்கன்னு. 

"விஷால், நீ சொல்லு"ன்னான்.

"என்ன சொல்றது?"

"நீ எழுதினியே. எனக்கு ஆட்டிசம் இருக்குன்னு எழுதினியே. மூணு தடவ எழுதின."

விஷால் சாரு மூஞ்சியப் பாத்தான், என் மூஞ்சியப் பாத்தான், தரையப் பாத்தான். "அது சும்மா, ஜாலிக்கு"ன்னான். 

இனியனுக்கு அது புரியல. அப்பா பக்கம் திரும்பினான். "ஜாலிக்குன்னா இருக்கா, இல்லையா?"

அந்த எடத்துல நான் மனசுக்குள்ள கும்புட்டேன். சாமி, இருக்குன்னு சொல்லிடு. இல்லன்னா தெரியலன்னாச்சும் சொல்லு. இன்னாத்த கொறஞ்சி போவப் போவுது உனக்கு. 

சாரு தொண்டையக் கனைச்சிகினாரு. மெய்யூர்ல, சதுரங்கப்பட்டினத்துல எப்பிடி பேசுவாரோ அதே குரல்ல, நிதானமா சொன்னாரு. "இல்ல இனியா. இவங்க யாருக்கும் ஆட்டிசம் இல்ல. அந்த வார்த்தைய இவங்க திட்டறதுக்கு வெச்சிகிட்டாங்க. யாராவது தப்பு செஞ்சா, மண்டைல ஒண்ணும் இல்லன்னு சொல்றதுக்கு, ஆட்டிசம்னு சொல்றாங்க."

"கார்த்திக்கு?"

"இல்ல."

"தீபக்குக்கு?"

"இல்ல."

அவன் ஒவ்வொரு பேரா கேட்டான். இவுரு ஒவ்வொண்ணுக்கும் இல்லன்னாரு. நாலு பசங்களும் அப்பிடியே நின்னானுங்க. போன்ல போட்டோ புடிச்சவன் அழுதுட்டான், நெசமா சொல்றேன். எளநிக்காரன் கூட வெட்டறத நிறுத்திட்டு பாத்துகினு இருந்தான். கேட்டு முடிச்சிட்டு இனியன், "அப்ப எனக்கு மட்டும்தான்"னான். அவனே போயி வண்டில ஏறி ஒக்காந்துகினான். பாக்கெட்ல இருந்த பேச்சுத் தாள அவன் எடுக்கவே இல்ல.

வர்ற வழில சாரு முன்சீட்ல ஒக்காந்து கைய மடில வெச்சிகினு இருந்தாரு. எனக்கு அவுரு மேல அப்பிடி ஒரு கோவம். பொய்யி பேசக் கூடாதுன்னு ஒரு மனுஷனுக்கு அப்பிடி இன்னா வீம்பு. பக்கத்துல பாத்தா அவுரு மூஞ்சி செத்தவன் மூஞ்சி மாதிரி கீது. கண்ண ரோட்டுல வெச்சி ஓட்டினேன். 

அப்பால எல்லாம் நல்லாத்தான் நடந்துச்சி, அத்தயும் சொல்லிட்றேன். ராஜாராம் சாரு பையன இழுத்துகினு வந்து மன்னிப்பு கேக்க வெச்சாரு. கைல ஒரு ஸ்வீட் டப்பா. நானும் அப்ப அங்கதான் இருந்தேன். ஜானகிராமன் சாரு அவங்களுக்கு காபி குடுத்து, விஷாலுக்கு எந்த காலேஜுல எந்த பிராஞ்சு நல்லதுன்னு கூட சொன்னாரு. ஆர்குட்டுல அந்த பேச்செல்லாம் அழிச்சிட்டானுங்க. ரெண்டு மூணு பேரு சாருக்கு தனியா எழுதி வருத்தம் சொன்னானுங்களாம். ஊருல எல்லாரும், பாத்தியா, நேருக்கு நேரு எடுத்துச் சொன்னா பசங்க கேட்டுக்கறாங்கன்னு பேசிகினாங்க. சாருகிட்டயே சொன்னாங்க. அவுரு தலைய ஆட்டினாரு. அந்த வார்த்த மட்டும் ஊர வுட்டுப் போவல. பள்ளிக்கோட பஸ்சுல, கிரவுண்டுல, சின்னச் சின்ன பசங்க வாய்ல நானே கேட்டேன். அவனுங்களுக்கு இனியன் யாருன்னே தெரியாது. 

இனியன் கேட்டுக்கு போறத நிறுத்திட்டான். பால் பூத்துக்கு போறதில்ல. லைப்ரரிக்கு சம்பூர்ணம் அம்மா வந்து கூப்ட்டாங்க, போவல. கம்ப்யூட்டரத் தொடல. கத்தல, அழல, சாப்டறான், தூங்கறான். டாக்டரம்மாகிட்ட இட்டுகினு போலாம்னு ஒரு நாளு காலைல நான் வண்டியக் கொண்டாந்து நிறுத்தினேன். மெட்ராஸ் போற வழில துன்னறதுக்கு சியாமளா அம்மா இட்லி கட்டி டப்பால குடுத்தாங்க. அவன்தான் டப்பாவ எடுத்துகினு வந்தான். வண்டில ஏறும்போது படில கால் தடுக்கி, டப்பா கீழ வுழுந்து தொறந்துகிச்சி. இட்லி, சட்னி எல்லாம் மண்ணுல.

அவன் அத்த பாத்தான். அப்பால வலது கைய ஓங்கி தன் நெத்திலயே பளார்னு அடிச்சிகினான். "ஆட்டிசம்"னான். இன்னொரு அடி. "போடா, ஆட்டிசம்." அந்தப் பசங்க எழுதற அதே மாதிரி. மறுபடியும் அடி. நெத்தி செவந்து போச்சி.

சாரு ஓடி வந்து கையப் புடிச்சிகினாரு. "வேணாம் இனியா. அப்படி சொல்லக் கூடாது."

அவன் அப்பா மூஞ்சிய நேரா பாத்தான். யார் மூஞ்சியையும் அப்பிடிப் பாக்கறவன் இல்ல அவன். "நீதான சொன்ன"ன்னான். "தப்பு செஞ்சா அப்படித்தான் சொல்லணும்."

சாரு கையப் புடிச்சபடியே நின்னுகினு இருந்தாரு. அப்பால, ஊரு ஊரா மைக்கு புடிச்சி பேசின அந்த மனுஷன், புடிச்ச கைய வுடாம குனிஞ்சி, இன்னொரு கையால மண்ணுல கெடந்த இட்லிய பொறுக்கி டப்பால போட்டாரு.